மணிக்கு முந்துகிறவர்

கோட்டின் நடுப் பொத்தானுக்கும் அதன் துளைக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். வயிறு உள்ளே போனது. மூச்சை விட்டதும், போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

"பொத்தான் போடாமலே போங்களேன். யாரு பார்க்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

"போட்டோ எடுப்பாங்க."

"அப்ப கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

"கையைக் கட்டிக்கிட்டு விருதை எப்படி வாங்குறதாம்?"

அந்தக் கோட்டு அவர் சேவைச் சங்கத்தின் தலைவராக இருந்த வருடம் தைத்தது. அப்போது அவர் ஒல்லி. கோட்டு அப்படியே இருந்துவிட்டது, அவர் வளர்ந்துவிட்டார்.

சங்கத்தில் அவர் சேர்ந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதலில் வந்து நாற்காலிகளைப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடுத்த வருடம் வேறொருவர் புதிதாகச் சேர்ந்தார். அவருக்கு முதுகு வலி. அதற்கடுத்த வருடம் சேர்ந்தவருக்கு வேலையில் வெளியூர்ப் பயணம். இப்படியே அந்த வேலை கண்ணாடிக்கடைக்காரரிடம் தங்கிவிட்டது. செயலாளர் ஆனபோதும் அவர்தான் நாற்காலி போட்டார். தலைவர் ஆன வருடம், எல்லா நாற்காலியையும் போட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை விரிப்பைத் துவைப்பது, பேனரை மடிப்பது, பித்தளைச் சாமானைத் துலக்குவது போன்ற பொறுப்புகள் அவர் வீட்டுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, வந்து சேர்ந்தன.

வருடாவருடம் கண் முகாம் நடத்தியதும் அவர்தான். ஊரில் பாதி மூக்குகள் அவர் மாட்டிவிட்ட கண்ணாடியைத்தான் சுமந்தன.

இத்தனையும் இருக்க, இன்றைய விருது வேறொன்றுக்காக. சங்கக் கூட்டம் என்றால் மாலை ஆறரைக்குத் தலைவர் மேஜைமேல் இருக்கும் பித்தளை மணியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் நின்றிருக்கிறார், வங்கி மேலாளர் நின்றிருக்கிறார், போலீஸ் அதிகாரிகூட நின்று டிராஃபிக்கைக் குறை சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. காய்ச்சலோடு வந்தார். வெள்ளத்தில் நனைந்து வந்தார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து மணிக்கு முன்னால் உட்கார்ந்தார். அதை மனைவி வசதிப்பட்டபோதெல்லாம் இன்றுவரை எடுத்துச் சொல்வதுண்டு.

இந்த வருடத் தலைவர் ஒரு பல் டாக்டர். நேரம் தவறினால் பல்லைப் பிடுங்குகிற ரகம். அவரே முன்னின்று ஒரு கேடயம் செய்திருந்தார். 'ஒரு நாளும் மணிக்குப் பின்னால் வராதவர்' என்று அதில் பொறித்தாகிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கண் பரிசோதனைக்கு நடுவிலேயே, அந்த வாசகத்தை எழுதிக் காட்டிப் படிக்க வைத்துப் பார்த்தார்.

அப்பேர்ப்பட்ட நாளில் பொத்தான் போடாமல் போவதா?

"நீயும் பொண்ணும் கார்ல முன்னால போங்க. நான் தையல்காரர்கிட்ட கோட்டைக் கொஞ்சம் விட்டுத் தைச்சுக்கிட்டு வந்துடறேன்."

"பையையாவது குடுங்க, நாங்க எடுத்துட்டுப் போறோம்."

"பை என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். கூட்டத்துக்கு எடுத்துப்போகிற துணிப்பையை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

தையல்காரர் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். "இவ்வளவுதானா சார்? இதோ" என்று பிளேடால் இரண்டு பக்கத் தையலையும் சரசரவென்று பிரித்தார். பிரித்து முடித்து, மெஷினில் வைத்து மிதித்ததும் பெல்ட் அறுந்தது.

தையல்காரர் அசரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார்; ஆள் மேலேயே கையால் தைத்துவிடுகிறாராம். ஒரு பக்கம் தைத்து முடித்ததும் கண்ணாடிக்கடைக்காரர் கையைத் தூக்கிப் பார்த்தார். கோட்டோடு சட்டையும் சேர்ந்து வந்தது.

"சட்டையையும் சேர்த்துத் தைச்சுட்டீங்களே!"

"கண்ணு தெரியலை சார்."

"உங்க கண்ணாடி எங்கே?"

"உங்க கடையிலதான். இன்னைக்குத் தர்றேன்னு சொன்னீங்க. வந்து பார்த்தா, விழான்னு மத்தியானமே பூட்டிட்டீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் தையல்காரரின் மூக்கில் மாட்டினார். மறுபக்கத் தையல் முத்து முத்தாக விழுந்தது. சட்டையைப் பிரிக்க நேரமில்லை. கோட்டைக் கழற்றினால்தானே வம்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பொத்தானைப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தெருமுனைக்கு வந்த பிறகுதான் உலகம் கலங்கலாக இருப்பது உறைத்தது. கண்ணாடி தையல்காரரின் மூக்கிலேயே தங்கிவிட்டது. திரும்பிப் போனால் ஆறரை தாண்டிவிடும். முப்பது வருடமாக நடந்த வழிக்குக் கண் எதற்கு என்று நினைத்து நடையைக் கட்டினார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. யார் என்று படிக்க முடியவில்லை. பல் டாக்டராகத்தான் இருக்கும். எடுத்து, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் வரவில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எடுக்கவில்லை.

வெளிச்சமான ஒரு கட்டடம் தெரிந்தது. உள்ளே வரிசையாக நாற்காலிகள். இன்றைக்கு மரியாதைக்காக வேறு யாரோ நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் உள்ளே நுழைந்தார். மொத்தக் கூட்டமும் எழுந்தது.

"வந்துட்டாருப்பா!" என்றது ஒரு குரல். யாரோ கை தட்டினார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக அவரை அணைத்து அழைத்துப்போனார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் அப்படி என்ன பெருசா செஞ்சுட்டேன்?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் செய்யலையே. இனிமேதானே செய்யணும்" என்று சொல்லி, ஒரு சின்ன அறைக் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டார்கள். உள்ளே தண்ணீர் மோட்டார் இருந்தது.

அது பக்கத்துத் தெருக் குடியிருப்பின் கூட்டம். இரண்டு நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள், கனமான பையோடு வந்தவரைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்கள். அவர் விஷயத்தைச் சொன்னார். கோட்டுப் போட்ட பிளம்பர் சாக்குச் சொல்கிறார் என்று அவர்கள் கதவை அடைத்து நின்றார்கள்.

கடைசியில் ஒரு அம்மாள்தான் முன்னால் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். "அடடா, இவரு கண்ணாடிக்கடை ஐயா. முகாம்ல என் கண்ணைப் பார்த்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணினவரு. இவரையா பூட்டி வச்சீங்க?"

பழி நீங்கியது; ஆனால் ஆள் நகர முடியவில்லை. அந்த அம்மாள் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒவ்வொருவராக வந்து வருத்தம் தெரிவித்தார்கள். முகாமில் கண்ணாடி வாங்கிய நாலைந்து பேர் அதைக் கழற்றிக் காட்டி நலம் விசாரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் இதைவிடப் பெரிய விருது அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. இன்று தேநீர் தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. போன் விடாமல் அடித்தது.

வெளியே வந்ததும் ஓடினார். அந்த வயதில், அந்தக் கோட்டில், அந்தப் பையோடு அவர் ஓடியதை ஓட்டம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த தெருவில் திரும்பி, சங்கத்தின் ஹால் வாசலை அடைந்து, முதல் படியைச் சரியாகக் கணிக்காமல் தடுக்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் சமாளித்தார். பை கம்பியில் மோதிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் அவர் காதில் அது விழுந்தது. 'ணங்.'

அவருக்கு அந்தச் சத்தத்தைத் தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லுவார். மணி அடித்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் வழியாக மங்கலான உருவங்கள் எல்லாம் எழுந்து நிற்பது தெரிந்தது. மணி அடித்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்பது சங்கத்தின் முறை.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் கட்டிக் காத்த பெயர், உள்ளே கேடயத்தில் பளபளவென்று எழுதி வைத்திருக்கும்போது, வாசற்படியில் போய்விட்டது. இனி உள்ளே போனால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது, வயிறு பெருத்துவிட்டது என்றா? அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஹால் வாட்ச்மேன் வெளி கேட் பக்கமிருந்து ஓடிவந்தார். முகாமில் வாங்கிய கண்ணாடி போட்டிருந்தார். அதனால் இருட்டிலும் ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன சார், இங்க உட்கார்ந்துட்டீங்க? உள்ள எல்லாரும் உங்களைத்தான் தேடுறாங்க. அம்மா போன் போட்டுப் போட்டு ஓய்ஞ்சுட்டாங்க."

"தலைவர்கிட்ட சொல்லிடுப்பா. அந்தக் கேடயம் எனக்கு வேண்டாம். அதுக்கு நான் லாயக்கில்லை."

"ஏன் சார்?"

"எல்லாரும் எழுந்து நிக்கிறாங்களே, தெரியலையா?"

"நாற்காலி போடலை சார், அதனால நிக்கிறாங்க. நீங்க வந்து போடுவீங்கன்னு இருந்துட்டாங்க. இப்ப வக்கீல் சாரும் போலீஸ் சாரும் அந்த மடக்கு நாற்காலியை எப்படிப் பிரிக்கிறதுன்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. வக்கீல் சாருக்கு விரல் மாட்டிக்கிச்சு."

கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்.

"மறைக்காதேப்பா. மணி அடிச்சதை என் காதாலேயே கேட்டேன். எனக்கு முன்னாடி அடிச்சுட்டாங்க."

வாட்ச்மேன் குனிந்து, படியில் கிடந்த துணிப்பையை இரண்டு கையாலும் பத்திரமாகத் தூக்கினார்.

"உங்களுக்கு முன்னாடி எப்படி சார் அடிக்க முடியும்? இத்தனை வருஷமா மணியே உங்க பையிலதானே சார் வருது!"