தட்டு மாற்றிய மாநாடு

ராஜபாளையத்தைப் பார்க்காமலே செத்துப்போன ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக வருத்தப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, சம்பந்தி அண்ணாச்சிதான். எந்தப் பெரிய மனிதர் காலமான செய்தி பேப்பரில் வந்தாலும் உச்சுக்கொட்டுவார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம். அப்படியே வில்லிபுத்தூர்ல ஆண்டாளையும் சேவிச்ச மாதிரி இருந்திருக்கும்" என்பார். இறந்தவர் ஐரோப்பாக்காரராக இருந்தாலும் இதே வருத்தம்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். வெளியூர் ஆள் யாரைக் கண்டாலும் "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொள்வதால் அவரே சம்பந்தி ஆகிவிட்டார். ஆயுள் முழுக்கக் கல்யாண மண்டப மேனேஜராக இருந்தவர். எங்கள் ஊர் லாட்ஜ்காரர்களும் மண்டபக்காரர்களும் கூடி, ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்துக்கொண்டு, சுற்றுலா வளர்ச்சிக்கென்று ஓர் ஆபீஸ் திறந்தார்கள். ஆள் கூப்பிடுவதற்கு இவரை விட்டால் வேறு யார் என்று கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஈமெயில் எழுதவும் இங்கிலீஷ் பேசவும் நான். ஆபீஸில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு டேபிள் ஃபேனும். ஃபேன் எப்போதும் அவரைப் பார்த்தபடிதான் சுற்றும்.

அழைப்பதற்கு அவருக்கு நேரம் காலம் கிடையாது. ஒருநாள் லோன் வேண்டுமா என்று ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அண்ணாச்சி அக்கம்பக்கத்து ராஜுக்கள் வீட்டில் பழகிய தெலுங்கை எடுத்துவிட்டார். அவள் வட்டி விகிதம் சொல்லச் சொல்ல, இவர் ஆடிப்பூரத் தேரின் உயரம் சொன்னார். கடைசியில் லோன் போகவில்லை. அந்தப் பெண்தான் அப்பா அம்மாவோடு தேருக்கு வந்து, வடம் பிடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு போனாள்.

இன்னொரு நாள் டீக்கடையில் குற்றாலம் போகிற வேன் ஒன்று நின்றது. "குத்தாலம் எங்க ஓடியா போவுது? நம்ம அய்யனார் கோவில் அருவியில செத்த நேரம் தலையக் காட்டிட்டுப் போங்க" என்று அண்ணாச்சி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த வேன் குற்றாலம் போய்ச் சேரவேயில்லை. ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில். வாசலில் வேன் சத்தம் கேட்டாலே அவர் மனைவி உலையில் கூட இரண்டு ஆழாக்கு அரிசி போட்டுவிடுவார், பாவம்.

ஆபீஸ் என்னவோ இப்படிக் கலகலப்பாகத்தான் இருந்தது. ஆனால் லாட்ஜ்காரர்களுக்கு வேன் போதவில்லை. ரூம்கள் நிறைகிற மாதிரி ஒரு மாநாடு வரவேண்டும், பங்குனிக்குள் வராவிட்டால் ஆபீஸைப் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவருக்கு இங்கே மில்லில் வேலை. மகள் இங்கே படிக்கிறாள். இந்த வேலை கிடைப்பதற்குமுன் நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, லீவு கிடைக்கிறபோது ரயிலேறி வந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போனால் மறுபடியும் அதே ஹாஸ்டல், அதே ரயில்.

நான் அனுப்பிய ஈமெயில்களில் ஒன்றே ஒன்று பலித்தது. பல் டாக்டர்கள் சங்கம் ஒன்று, மாநில மாநாட்டுக்கு இடம் பார்க்க ஆள் அனுப்புவதாக எழுதியது. கொடைக்கானலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தியைச் சொன்னதும் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"பொண்ணு பாக்க வாராகன்னு சொல்லு!"

அப்படியேதான் ஏற்பாடும் செய்தார். வாசலில் மாக்கோலம், உள்ளே கேசரி, பஜ்ஜி. மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் அவருடன் இரண்டு டாக்டர்களும் வந்தார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து, அருவி கொட்டுகிற படத்தைக் காட்டினேன்.

"இது ஐப்பசி மழையில எடுத்தது" என்றார் அண்ணாச்சி. "நீங்க வாரப்ப மூஞ்சி கழுவுற அளவுக்குத்தான் தண்ணி வரும்."

நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஏட்டி, கால மிதிக்காத. பொண்ணு பாக்க வந்தவியட்ட குறையெல்லாம் முன்னாடியே சொல்லிரணும். பொறவு தெரிஞ்சா ஆயுசு பூரா சண்டை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "பெரிய ஹால்ல ஏ.சி. நல்லா ஓடும். சாப்பாட்டு ஹால்ல சத்தம்தான் ஓடும்."

பால்கோவாவை நீட்டியபோது டாக்டரம்மா, இவ்வளவு இனிப்பு பல்லுக்கு ஆகாதே என்று சிரித்தார். "அதான் எங்க ஊர்ல பாதிப் பேருக்குச் சொத்தைப் பல்லு. உங்களுக்கு இதைவிடத் தோதான ஊரு அமையாது டாக்டரம்மா!"

கிளம்பும் நேரம் வந்தது. அண்ணாச்சி வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பால்கோவா வைத்த தட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் காருக்குள் எடுத்துவைத்துக்கொண்டார். வெறுந்தட்டைத் திருப்பித் தரக்கூடாது அல்லவா? காரைத் துழாவினார். இருந்தது பல் துலக்கும் பிரஷ்கள்தான். ஒரு கைப்பிடி பிரஷ்ஷைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

அண்ணாச்சி விரலை உயர்த்தினார். சும்மா மரியாதைக்கு என்று அவர் கூட்டிவந்து மர நிழலில் உட்காரவைத்திருந்த மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மாநாடு நிச்சயமாகிவிட்டது என்று. மண்டபத்துக்கும் சமையலுக்கும் அண்ணாச்சி ஆள் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, அவங்க இன்னும் ஓகே சொல்லலை."

"தட்டு மாத்தியாச்சு தாயி. இதுக்கு மேல என்ன ஓகே?"

அடுத்த வாரம் ஈமெயில் வந்தது. அன்பான உபசரிப்புக்கு நன்றி, மாநாடு கொடைக்கானலில். நான் படித்துச் சொன்னேன். அண்ணாச்சி ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார். "நிச்சயம் முறிஞ்சா வந்த பொருளத் திருப்பிக் குடுத்துரணும். நம்மட்ட இருக்கப்படாது. கெளம்பு, மதுரைக்குப் போவோம்" என்றார்.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் கன்னம் வீங்கிய கூட்டத்துக்கு நடுவே, மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும் பக்கத்தில் இருந்தவரை, பல்லைப் பிடுங்கியதும் ஊருக்கு வந்து ஓய்வெடுக்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டாள். "பல்லு வலிக்கலம்மா, மனசுதான்" என்றார்.

உள்ளே போனதும் தட்டை டாக்டரம்மா மேஜையில் வைத்தார்.

"உங்க பொருளு டாக்டரம்மா. எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஒரு பிரஷ் மட்டும் கடையில வாங்கி வச்சது. சம்பந்தம்தான் ஆயிருச்சேன்னு ஒண்ணப் பிரிச்சுப் பல்லு தேச்சுட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீக."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டு மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ, அப்ப அந்தக் கெட்டிமேளம்..."

"உங்க மேல தப்பில்ல. எங்க ஊருக்குக் குடுத்துவைக்கல, அம்புட்டுதான். மாநாடு இல்லாட்டி என்ன, பிள்ளைகளக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர், துடைத்துக்கொண்டேயிருந்தார். பிறகு எங்கள் முன்னாலேயே சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"சார், கொடைக்கானல்ல இன்னும் எதுவும் புக் பண்ணலைல? அப்ப ராஜபாளையமே இருக்கட்டும். இல்ல சார், நான் தட்டு மாத்திட்டேன். நேர்ல சொல்றேன். ஏ.சி. சத்தம் போடும்னு முன்னாடியே சொன்னது இந்த ஊர் ஒண்ணுதான் சார்."

மாநாடு நடந்தது. ரயிலைவிட்டு இறங்கிய டாக்டர்கள் மேல் பன்னீர் தெளித்தார்கள், கையில் சந்தனம் பூசினார்கள். ஒரு மூத்த டாக்டர் மாப்பிள்ளை யார் என்று விசாரித்தாராம். ரூம்கள் நிறைந்து, மீதிப் பேரைப் பக்கத்து ஊரான தளவாய்புரத்தில் வீடுகளில் தங்கவைத்தோம். சாப்பாட்டு ஹால் ஏ.சி. சொன்ன சொல் தவறாமல் சத்தம் போட்டது. கடைசி நாள் மேடையிலேயே லாட்ஜ்காரர்கள், ஆபீஸ் தொடர்ந்து நடக்கும் என்று அறிவித்தார்கள்.

நான் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்போல மூக்கைச் சிந்திக்கொண்டு, பஸ்ஸில் ஏறும் டாக்டர்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏட்டி, ஒம் மகட்ட சொல்லிட்டியா? அம்மா சென்னைக்குப் போகலன்னு?"

சென்னை பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அது கெடந்து தெனமும் சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல வந்து என்னியக் கேட்டுச்சு, மாநாடு வந்துருமா தாத்தான்னு. வந்துரும்னு சொல்லிப்புட்டேன். பொறவு வரலைன்னா எப்படிட்டி?"

அண்ணாச்சி இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கிருந்தும் மாதம் தவறாமல் வேனில் ஆள் அனுப்புகிறார். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை எறிந்துவிட்டு, "அம்மா, டீ" என்கிறாள். டீயை ஆற்றும்போதெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்: அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும்.