புண்ணுக்குப் பஞ்சு வெட்டும் கருவி பற்றிப் பெரிய மச்சானுக்கு

முத்தியால்பேட்டை,
வியாழக்கிழமை காலை.

மேன்மைதங்கிய பெரிய மச்சான் தெய்வசிகாமணி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அமுதவல்லியின் கணவன் கோவிந்தராசு பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் தங்கையும், நானும், என் இடது காலும் சுகம். வலது காலைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியுள்ளேன். பிரான்சு தேசத்துக் குளிரில் தாங்களும் அக்காவும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தொலைபேசியில் அமுதவல்லியிடம், "உயிர் பெருசா, விரல் பெருசா? டாக்டர் சொன்னா கூப்பே பண்ணிட வேண்டியதுதான்" என்று உத்தரவு போட்டதை ஸ்பீக்கரில் அடியேனும் கேட்டேன். கூப்பே என்றால் வெட்டுறதுன்னு எனக்கும் தெரியும் மச்சான். முப்பத்தெட்டு வருஷமா கடையில நான் பண்றதே கூப்பேதான். பைக் சீட்டு, ஆட்டோ சீட்டு, கலியாண மண்டபத்து சோபா, எத்தனை பஞ்சு வெட்டியிருப்பேன்! வெட்டுறவனுக்குத்தான் எதை வெட்டக்கூடாதுன்னு தெரியும். வலது கால் கட்டைவிரல் போச்சுன்னா தையல் மிஷினை நான் எதால மிதிக்கிறது? நீங்க பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு, உங்களுக்குக் கால் விரல் சும்மா அழகுக்கு. எனக்கு அதுதான் என்ஜின். இதையெல்லாம் போன்லயே சொல்லியிருப்பேன், நீங்க அடுத்த ஆளை ஒரு வார்த்தை பேச விட்டாத்தானே! காகிதத்துல யாரும் நடுவுல நுழைய முடியாது பாருங்க, அதான் கடுதாசி.

நடந்தது இதுதான். சீட்டுக்கு ரெக்ஸின் இழுத்து அடிக்கிற ஸ்டேப்பிள் பின் ஒண்ணு என் கட்டைவிரல் அடியில ஏறிடுச்சு. சர்க்கரைக் காலு, ஏறுனதே தெரியல. ரெண்டு நாள் அதோடவே ஊரைச் சுத்தியிருக்கேன். வீட்டுத் தரையில செவப்பா பொட்டுப் பொட்டா கெடக்குதேன்னு உங்க தங்கச்சியைக் கூப்பிட்டு, "குங்குமத்தை இப்பிடியா கொட்டி வெப்ப?"ன்னு வேற திட்டுனேன். அவ என் காலைப் பார்த்துட்டுப் போட்ட சத்தத்துல எதிர்வீட்டுக்காரங்க சாவுன்னு நெனச்சு ஓடியாந்துட்டாங்க. ரெட்டியார்பாளையத்துல டாக்டர் அரிகிருஷ்ணன் சீழை எல்லாம் எடுத்துட்டு, அரை எலுமிச்சம்பழம் உக்கார்ற அளவுக்குக் குழி பண்ணி, அதுல சீட்டு ஸ்பாஞ்சு மாதிரி கறுப்புப் பஞ்சை வெச்சு, மேல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை ஒட்டி, குழாய் சொருகி, ஒரு மிஷினைத் தோள்ல மாட்டி அனுப்பிட்டாரு. அந்த மிஷின் புண்ணுல இருக்கிற கெட்ட தண்ணியை ராத்திரி பகலா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். எங்கயாவது காத்து உள்ள போச்சுன்னா பீப் பீப்னு கத்தும். ஒரு நாள் வாசல்ல உக்காந்திருந்தப்ப கத்துச்சு, தெருவுல போறவன் எல்லாம் லாரி ரிவர்ஸ் வருதுன்னு ஒதுங்கி நின்னான். மூணு வாரம் பார்ப்போம், சதை வளந்தா விரல் இருக்கும், இல்லேன்னா எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மூணு வாரம் நாளையோட முடியுது.

குருசுக்குப்பத்துலேருந்து ஸ்டெல்லாமேரின்னு ஒரு நர்ஸம்மா வாரத்துக்கு மூணு நாள் ஸ்கூட்டர்ல வந்து பஞ்சை மாத்துவாங்க. தங்கமான பொண்ணு. ஆனா மொத நாள் அது பஞ்சு வெட்டுனதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு மச்சான். என் புண்ணுக்கு நேரா மேல பஞ்சைப் புடிச்சிக்கிட்டு, சின்னக் கத்தரிக்கோலால நறுக் நறுக்குன்னு கடிக்குது. ஓரமெல்லாம் எலி தின்ன மாதிரி! கறுப்புத் தூளு பொலபொலன்னு குழிக்குள்ளயே கொட்டுது. "நிறுத்துங்க சிஸ்டர்! கத்தரிக்கோலால பஞ்சு வெட்டுறவனைக் கடையில ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டேன். மொதல்ல தள்ளிப் போயி வெட்டுங்க!"ன்னு கத்திட்டேன். அது பயந்துபோயி பஞ்சைக் கீழ போட்டுடுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த வேலைக்கு ஒரு நல்ல கருவி செஞ்சு குடுக்காம விடுறதில்லன்னு.

காலை ஸ்டூல் மேல தூக்கி வெச்சிக்கிட்டு, மடியில பலகையைப் போட்டு, அன்னிக்கே வேலை ஆரம்பிச்சாச்சு. மொதல்ல, ஹேக்சா பிளேடைத் தீட்டி நீளமா ஒரு கத்தி. எங்க தொழில்ல அதுதான் ராஜா. கிருமி சாவணுமேன்னு இட்லிக் குண்டான்ல போட்டு வேக வெச்சேன். உங்க தங்கச்சி மூடியைத் தொறந்து பார்த்துட்டு என்னென்ன சொன்னான்னு எழுதுறது எனக்கு மரியாதை இல்ல. கத்தியும் துருப்புடிச்சுப் போச்சு. ஸ்டெல்லாமேரி அதைத் தூரத்துல நின்னு பார்த்துட்டு, "அண்ணே, இதால ஆட்டோவையே ரெண்டா வெட்டலாம், புண்ணுகிட்ட மட்டும் வேணாம்ணே"ன்னுடுச்சு.

அடுத்து செஞ்சேன் பாருங்க, அதுதான் மூளை! எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியோட விளிம்பை அறுத்தெடுத்து, புண்ணு எந்த வடிவமோ அதே வடிவத்துக்கு வளைச்சு, ஒரு பக்கம் கூர் தீட்டி, பஞ்சு மேல வெச்சு ஒரே அழுத்து. டப்! துண்டு தனியா வந்துடுச்சு, ஒரு தூசி இல்ல. (அது உங்க தங்கச்சிக்கு நீங்க சீராக் குடுத்த டிபன் பாக்ஸாம். அறுத்தப்புறம்தான் சொன்னா. மன்னிக்கணும்.) ஸ்டெல்லாமேரியே அசந்துபோயி அன்னிக்கு அதாலயே வெட்டி வெச்சுது. ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சா, புண்ணைச் சுத்தி நல்ல தோலெல்லாம் தண்ணியில ஊறுன மாதிரி வெளுத்துத் தொளதொளன்னு கெடக்குது! என்னாச்சு தெரியுமா? மெத்தைன்னா உறையைவிட அரை இஞ்ச் பெருசா பஞ்சு வெட்டணும், அப்பதான் சுருக்கம் விழாம கும்முனு நிக்கும். கைப்பழக்கத்துல புண்ணுக்கும் அரை இஞ்ச் கூட்டி வெட்டிட்டேன். பஞ்சு குழிக்குள்ளதான் இருக்கணுமாம், நல்ல தோல் மேல ஏறவே கூடாதாம். ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுனா, டாக்டர் என்னை வுட்டுட்டு, கூட வந்த அந்தப் பொண்ணைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அது கண்ணுல தண்ணி. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. "சார், அந்த அரை இஞ்ச் என்னோடது"ன்னு ஒத்துக்கிட்டேன்.

ஆனா விழுந்தவன் எழுந்திரிக்காமலா இருப்பான்? மூணாவதா செஞ்சது சரியான அளவு. அதோட, புண்ணு சின்னதாவ ஆவ வளையமும் சின்னதாவணும் இல்லியா, அதுக்கு தண்ணிக் குழாய்க்குப் போடுற கிளிப் மாதிரி ஒரு திருகு வெச்சேன். குக்கர்ல ஆவி காட்டி, டப்பாவுல போட்டு, 'கோவிந்தராசு சீட் ஒர்க்ஸ்' ஸ்டிக்கரை மூடி வாயில சீல் மாதிரி ஒட்டி ஸ்டெல்லாமேரி கையில குடுத்தேன். "அண்ணே, நீங்க மொறைச்சுப் பார்த்தா எனக்கு வெட்டு கோணலாப் போவுது, உள் ரூம்ல வெட்டிக்கினு வரேன்"னுச்சு. சரின்னேன். அஞ்சு தடவை ஆச்சு மச்சான். ஒவ்வொரு தடவையும் பஞ்சு அச்சுல வார்த்த மாதிரி வருது, "அண்ணே, இன்னிக்கு ஒரு சுத்துத் திருகிட்டேன்"னு சிரிக்குது. புண்ணும் சுருங்கிக்கிட்டு வருது, என் கண்ணாலயே பார்த்தேன்.

ஆகையினால் தங்களிடம் இரண்டே விண்ணப்பம். என் ஆபரேஷனுக்காகத் தாங்கள் போட்டிருக்கும் டிக்கெட்டை ரத்து செய்யவும், அதற்கு அவசியம் இராது. அடுத்து, இத்துடன் உள்ள கருவியின் படத்தை அங்குள்ள பேட்டண்ட் ஆபீசில் காட்டி என் பேரில் பதிவு பண்ணவும். இனிமே ஒலகத்துல ஒரு நர்ஸும் பஞ்சு வெட்டக் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. மனசுல உள்ளதைச் சொல்லிடறேன், நாளைக்கு டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு நேத்து ராத்திரி பூரா விட்டத்தைப் பார்த்துக்கிட்டே கெடந்தேன். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க.

அக்காவுக்கு என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு ஆயுசும் படிப்பும் பெருக என் ஆசியும் உரித்தாகுக.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கோவிந்தராசு

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம். நல்லவேளை, கவர் இன்னும் ஒட்டல. மச்சான், விரல் இருக்கு! எடுக்க வேணாம்னுட்டாரு டாக்டர்! உங்க தங்கச்சி ஆஸ்பத்திரி வராண்டாவுலயே உக்காந்து அழுதா, நானும்தான் அழுதேன். அந்த ஜோர்ல, "எல்லாம் இதால வந்தது சார்"னு கூட வந்த ஸ்டெல்லாமேரி பையிலேருந்து டப்பாவைப் புடுங்கி டாக்டர்கிட்ட நீட்டுனேன். மூடி வாயில என் ஸ்டிக்கர் கிழியாம ஒட்டுனது ஒட்டுனபடி அப்பிடியே இருக்குது. தொறக்கவே இல்ல! அஞ்சு தடவையும் உள் ரூம்ல அந்தப் பொண்ணு தன்னோட பழைய கத்தரிக்கோலாலதான் வெட்டியிருக்கு. "நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கண்ணே, எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க கத்துன நாள்லேருந்து தள்ளி வெச்சு வெட்டி, ஓரத்தை நல்லா தட்டி உதறிட்டுத்தான் வெக்கிறேன்"னுச்சு. டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "மூணு வாரம் காலைக் கீழ ஊனாம ஸ்டூல்லயே வெச்சிருந்தீங்களாமே, அதுக்கே பாதி ஆறியிருக்கும். அடுத்த மூணு வாரத்துக்கும் எதையாவது கண்டுபுடிச்சிக்கிட்டே உக்காந்திருங்க"ன்னாரு.

அதனால அந்த ஆபீஸ் பக்கம் போயிடாதீங்க, டிக்கெட்டையும் கேன்சல் பண்ணாதீங்க. விரலைப் பார்க்க வாங்க. வரும்போது ஸ்டெல்லாமேரிக்கு அங்கேருந்து நல்லதா ஒரு கத்தரிக்கோல் வாங்கிட்டு வாங்க.