தையல் மெஷின் கம்பெனிக்கு நான் அனுப்பிய மரணச் செய்தி

எனக்குக் கடிதம் போட ஒரு ஆளும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருந்தேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே குடியிருந்தார்கள். சுவரைத் தட்டினால் சித்தப்பா பேசுவார். அப்புறம் எவன் எனக்காக முத்திரை வாங்கி ஒட்டப் போகிறான்? ஆனாலும் தப்பால் பை (தபாலை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்) வரும் நேரம் நெருங்கினால் எனக்குக் கால் தரையில் பாவாது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபடியே ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். (வாத்தியாருக்கு வயித்துக் கோளாறு என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருந்தன.)

ஒருநாள் பழைய பேப்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கூப்பனை நிரப்பி அனுப்பினால் விலைப்பட்டியல் இலவசமாம். அனுப்பினேன். இரண்டு வாரத்தில் நீள உறையில், டைப் அடித்து, என் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டுக் கடிதம் வந்தது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. கைக்கடிகாரம், ஆர்மோனியம், முடி வளரும் தைலம், ஆறே வாரத்தில் உயரமாகும் பயிற்சி என்று எந்தக் கூப்பனையும் விட்டுவைக்கவில்லை.

கொழும்பிலிருந்த ஒரு தையல் மெஷின் கம்பெனி, தவணைக்குத் தருகிறோம் என்று ஒரு படிவமே அனுப்பியது. 'உங்களை அறிந்த மரியாதைக்குரிய ஒருவரின் பெயர், விலாசம்' என்று அதில் ஒரு கோடு. மெஷின் வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் கோடு போட்ட இடத்தை வெறுமனே விட வாத்தியார் கைக்கு மனம் வருமா? அப்போதுதான் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து பூரணம் என்ற பெண்ணை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா ராக்கன் கங்காணியின் பெயரை எழுதினேன்.

பிறகு கடித மழைதான். தப்பால்காரர் முனியாண்டி நாலு மைல் ஏற்றத்தில் பையைச் சுமந்து வந்து என் முன்னால் இறக்கினார்.

"தொரைக்கு மூணு கடுதாசி, ஒங்களுக்குப் பதினொண்ணு. இந்தத் தோட்டத்துல யாருங்க வாத்தியாரய்யா தொரை?"

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. லயத்து வீட்டுக்கு டைப் அடித்த கடிதம் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், கடன். அம்மா ஒரு பிடி அரிசியைக் குறைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டார். "எங்கடா வாங்கித் தொலைச்ச? சொல்லிரு, ஆட்டையாவது விப்போம்" என்பார். அடுத்த மாதம் பரிசம். இந்தப் பேச்சு நோட்டன் பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தால் கல்யாணம் நின்றுவிடும். பூரணத்தைத் திருவிழாவில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு பெண்ணே கண்ணில் படவில்லை.

கடிதம் அனுப்ப வேண்டாம் என்று எல்லாருக்கும் மரியாதையாக எழுதினேன். நான் உயிரோடு இருக்கிறேன், பதிலும் போடுகிறேன் என்று தெரிந்ததும் அவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தையல் மெஷின்காரர்கள் என் ஒவ்வொரு பதிலுக்கும் தவணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் உட்காருவேன். அப்படி எழுந்து உட்கார்ந்த ஒரு நேரத்தில்தான் அந்த அற்புதமான யோசனை உதித்தது.

'மேற்படி நபர் காலமாகிவிட்டார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். இப்படிக்கு, இறந்தவரின் தம்பி.' (எனக்குத் தம்பி கிடையாது.) பதினொரு பிரதி எழுதி, பதினொன்றையும் ஒரே நாளில் தபாலில் போட்டேன்.

தப்பால் பை சட்டென்று இளைத்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. நான் செத்ததில் ஒருவனுக்குக்கூடவா வருத்தமில்லை என்று மனசு அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டு வளைவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சாவுக்கு அழுதுகொண்டு ஆள் வந்தால் முதலில் சேர்ந்து அழ வேண்டும், யார் என்று விசாரிப்பதெல்லாம் பிறகுதான். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, முன்னால் வந்த அம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினார். "போயிட்டாரே" என்று அந்த அம்மாள் இழுக்க, எங்கள் அம்மாவும் "போயிட்டாரே" என்று இழுத்தார். நானும் துண்டைக் கட்டிக்கொண்டு சோப்புத் தலையோடு ஓடினேன். குனிந்த தலையோடு வந்த பெரியவரின் கையிலிருந்த மாலையையும் வெள்ளைத் துணியையும் பணிவாக வாங்கிக்கொண்டேன்.

"யாருங்க தவறிட்டாங்க?"

பெரியவர் நிமிர்ந்தார். அது ராக்கன் கங்காணி.

"நீங்கதான்," என்றார்.

தையல் மெஷின் கம்பெனி அந்த மரியாதைக்குரியவரை மறக்கவில்லை. உங்கள் நண்பரின் மறைவுக்கு வருந்துகிறோம், தங்களுக்கு மெஷின் தேவைப்படுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்த முஸ்லிம் கடைக்கார நானா அதைப் படித்துச் சொல்ல, குடும்பமே மூன்று பஸ் மாறி வந்துவிட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து விலைப்பட்டியல் மூட்டையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சோப்பு காய்ந்து தலை விறைத்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன்.

"கடனுக்குப் பயந்து செத்தவன பாத்திருக்கேன்," என்றார் ராக்கன் கங்காணி. "கடனே வாங்காம செத்தவன இப்பதான் பாக்கிறேன். இந்தப் புத்திக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். எந்திரிங்க எல்லாரும், பஸ்ஸப் புடிக்கணும்."

எல்லாரும் எழுந்தார்கள், பூரணம் மட்டும் எழவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியும் பிடிவாதமாக வந்திருந்தாளாம். கண் இரண்டும் வீங்கி, முகமே மாறியிருந்தது.

"ரெண்டு நாளா அழுதிருக்கேன்ப்பா," என்றாள். "இன்னொரு ஆளுக்கு இப்படி அழ என்னால முடியாது. இவரையே கட்டி வச்சிருங்க."

ராக்கன் கங்காணி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. காய்ச்சல் என்று படுத்தால், "நெசமாவாப்பா, இல்ல கம்பெனிக்கு எழுதணுமா?" என்று மகள் கேட்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பூரணம் சிரிக்கமாட்டாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள்.

"ஒங்களுக்கு அழ வேண்டியத எல்லாம் அப்பவே அழுது முடிச்சிட்டேன். மறுபடியும் என்னால ஆகாது. எந்திரிச்சுக் குடிங்க," என்பாள்.

நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து குடித்துவிடுகிறேன்.