தானாகச் சூடாகும் வண்டி

"ஏம்மா, ஒரு நிமிஷம் இங்க வா. வந்து தொட்டுப் பாரு."

காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் போல நின்றிருந்தார் திருத்தம்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். தொட்டாள்.

"ஆமா, கார். அதுக்கென்ன?"

"சுடுது."

"வெயில்ல நின்னா சுடாதா?"

"மணி ஏழரை. வெயிலே இன்னும் இந்தப் பக்கம் வரலை. நேத்து சாயங்காலம் நிறுத்தின வண்டி. ராத்திரி பூரா சும்மா நின்னது எப்படி வெதுவெதுன்னு இருக்கும்?"

"வயசாச்சுல்ல? உங்களுக்கும்தான் உடம்பு சூடு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் ஒரு தினசரிப் பத்திரிகையில் பிழை திருத்துபவர். கண்ணில் படும் எதையும் திருத்தாமல் விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர் 'திருத்தம்'. அது மெல்லத் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காருக்கு வயது இருபத்து நான்கு. மகள் பிறந்த வருடம் வாங்கிய சின்ன நீலக் கார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள், கார் போகவில்லை. அதில் கிலோமீட்டர் எண் நின்றுபோய் மூன்று வருடம் ஆகிறது. இடது பக்கம் ஒரு நசுங்கல். பதினைந்து வருடத்துக்கு முன்னால் மனைவி ஒரே ஒரு நாள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது கேட் தூண் கொடுத்தது. "இந்த ஜென்மத்துல உனக்கு வண்டி வராது!" என்று அன்றைக்கு அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னதோடு பாடம் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தக் காருக்குப் பெயர் 'டப்பா'.

திருத்தம் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் 'ணங்'கென்று இடித்தது.

நேற்று இடிக்கவில்லையே?

அன்று அலுவலகம் போகும் வழியில் நேராக மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்ததும் உடனே எதுவும் சொல்லமாட்டார். முதலில் ஒரு பெருமூச்சு.

"உள்காய்ச்சல், சார்."

"அப்படின்னா?"

"தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்கு. சூடு ஏறினா திறக்கணும், தண்ணியை விடணும். உங்களுது மூடிக்கிட்டு அழிச்சாட்டியம் பண்ணுது. ராத்திரி பூரா சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது."

"அதை மாத்திடலாமா?"

"இந்த மாடலுக்குப் பொருள் வர்றதில்லை. கழட்டி எறிஞ்சுடலாம். தொல்லை விட்டுச்சு."

கழற்றி எறிந்தார்கள். சாயங்காலம் திரும்பும்போது எஞ்சின் சூடே ஏறாமல், குளிரில் நடுங்குவது போல உதறிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

நாள் முழுக்க ஓடினால் சூடாகாத வண்டி, நின்றால் சூடாகிறது. திருத்தத்துக்குத் தலை சுற்றியது.

இத்தனைக்கும் காலையில் அவர் மனசுத் தெளிவுக்குக் குறைச்சலே இல்லை. ரத்த அழுத்தம் இருப்பதால், ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் தினமும் நடக்கிறார். புதன்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது.

"தூறல் போடுது. இன்னைக்கு வாக்கிங் வேணாம்" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உள்காய்ச்சல்னு சொன்னாரு."

"நான் உங்க டாக்டரைக் கேட்டேன்!" மனைவி குடையை அவர் கையில் திணித்தாள். "ஒரு மணி நேரம் முழுசா நடந்துட்டு வாங்க. பாதியில திரும்பி வராதீங்க."

என் உடம்பு மேல் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை என்று நெகிழ்ந்தபடி, குடைக்குள் பத்துச் சுற்று நடந்துவிட்டு வந்தார். அன்று காலை காரின் பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைதான் அரை டேங்க் பார்த்த ஞாபகம்.

"குடிக்குது, டாக்டர்" என்றார் மெக்கானிக் ஷெட்டில்.

"குடிக்கத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி பெட்ரோல் குடிக்கும்."

"நீங்கதானே கழட்டி எறியச் சொன்னீங்க?"

"அது காய்ச்சலுக்கு. இது வேற வியாதி." டாக்டர் கார்புரேட்டரின் திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். யோசித்தார். இன்னும் கால் சுற்று. "இப்ப பத்தியச் சாப்பாடு போட்டிருக்கேன். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கண்ணுலதான் காட்டும்."

பத்தியம் வேலை செய்தது. முதல் சிக்னலில் எஞ்சின் அணைந்தது. இரண்டாவது சிக்னலிலும் அணைந்தது. மூன்றாவதில், பச்சை விழுந்து சிவப்பு விழுந்து மறுபடி பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ்காரர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தள்ளி, "பெரியவரே, அங்கயே குடி வந்துட்டீங்களா?" என்றார்.

அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம். வாழ்க்கையில் முதல் முறையாகத் திருத்தத்தின் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கம் அச்சுக்குப் போனது. ஆசிரியர் கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

வியாழக்கிழமை காலை நடந்ததுதான் அவரை நிலைகுலைய வைத்தது. சாவியைத் திருப்பினார். பெட்ரோல் முள் எழுந்து, நிதானமாக முக்கால் டேங்குக்குப் போய் நின்றது.

இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். மறுபடி ஏறினார். முக்கால்.

"டாக்டர்," என்றார் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியில பெட்ரோல் ஏறியிருக்கு."

ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார் டாக்டர். "இறங்கியிருக்குன்னு சொல்லுங்க."

"ஏறியிருக்கு."

"நீங்க போட்டீங்களா?"

"போட்டா எனக்குத் தெரியாதா?"

"தெரியணும்" என்றார் டாக்டர், அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு. "சரி, டேங்குக்குள்ள மிதவை ஒட்டிக்கிட்டிருக்கும். பொய் சொல்லுது. அதைச் சரி பண்றேன்."

டாக்டர் சரி பண்ணியதும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"இப்பப் பொய் சொல்லாது, சார்."

"எதுவுமே சொல்லலையே!"

"அதான் சொல்றேன்."

திருத்தம் முழங்கால் இடிப்பதையும் சொன்னார். டாக்டர் சீட்டை ஆட்டிப் பார்த்து, அது நகரும் தண்டவாளம் தேய்ந்துவிட்டது, பிரேக் அடிக்க அடிக்க முன்னால் வழுக்குகிறது என்று சொல்லி, சீட்டைப் பின்னால் தள்ளி, இரண்டு போல்ட் போட்டு அசையாமல் முறுக்கினார். முறுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று மூக்கை உறிஞ்சினார்.

"கருகின வாடை வருதே. கிளட்ச். சார், கோவிச்சுக்காதீங்க, எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"இருபத்து நாலு வருஷம்."

"அரை கிளட்ச்ல காலை வெச்சு வெச்சுத் தேய்ச்சிருக்கீங்க. எல் போர்டு மாட்டினவங்கதான் இப்படித் தேய்ப்பாங்க."

திருத்தத்தின் காது சிவந்தது. வண்டியை எடுத்தார். கேட்டிலேயே அணைந்தது.

அன்று முழுக்க மேஜைக்கு அடியில் இடது காலை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். நான் அப்படியா ஓட்டுகிறேன்? எனக்குத் தெரியாமலே அப்படி ஓட்டுகிறேனோ? பெட்ரோலையும் நானே போட்டுவிட்டு மறந்துவிட்டேனோ? எதிரே உட்கார்ந்திருந்த தலைமை உதவி ஆசிரியர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பூரானா, திருத்தம்?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் வளர்ந்திருக்கேனா, பாரு."

"என்னது?"

"முழங்கால் இடிக்குது. டாக்டர் சீட்டுதான் நகருதுங்கிறாரு. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

"ஐம்பத்தேழு வயசுல வளர்றீங்களா! போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க." அவள் சிரிக்காமல் சொன்னாள். பிறகு, "சீட்டை என்ன பண்ணினாரு அவரு?" என்று கேட்டாள்.

"போல்ட் போட்டு முறுக்கிட்டாரு. இனிமே இம்மி நகராது."

"ஐயோ" என்றாள் மனைவி.

"என்ன ஐயோ?"

"பால் பொங்குது" என்று உள்ளே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, பரணில் இருந்த டப்பாவை எட்டி எட்டி எடுத்ததில் சதை பிடித்துக்கொண்டது என்றாள். அதை விசாரிக்கும் நிலையில் திருத்தம் இல்லை. பானெட் வெதுவெதுப்பு. பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடி வேறு இன்றைக்கு அவருடைய சட்டைப் பையைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று கார் நாற்சந்தி நடுவில் ஒரேயடியாகப் படுத்தது. நான்கு பக்கமும் ஹார்ன். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு பேர் சேர்ந்து ஷெட் வரைக்கும் தள்ளினார்கள். டாக்டர் எதையெதையோ கழற்றி ஊதி மாட்டி ஒருவழியாக உயிர் கொடுத்தார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதான். எஞ்சினை இறக்கிப் பார்க்கணும். இறக்கினா, மறுபடி ஏத்த முடியுமான்னு எனக்கே நம்பிக்கையில்லை. வீட்டுல சொல்லிடுங்க."

திருத்தம் வீட்டில் சொன்னார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. மைதானத்துக்கு அந்தப் பக்கம் பழைய வண்டி உடைக்கிறவர் இருக்காரு. பேசிட்டேன். ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு வரவேண்டியதுதான்."

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"உடைக்கவா?"

"நீதானே பதினஞ்சு வருஷமா இந்த டப்பாவைத் தலைமுழுகுங்கன்னு சொல்லிட்டிருக்கே?"

"அது சும்மா சொல்றது. நல்லாத்தாங்க ஓடுது. அந்த ஆள்தான் நோண்டி நோண்டிக் கெடுத்துட்டாரு. கொடுக்காதீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "இருபதாம் தேதி வரைக்குமாவது பொறுங்க."

"இருபதாம் தேதி என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு ரவுண்டான எண்ணா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

வெளியே டப்பா என்று திட்டினாலும் உள்ளுக்குள் இத்தனை பாசமா? திருத்தம் தானும் கொஞ்சம் அழலாமா என்று நினைத்தார். ஆனால் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இன்னொரு நாள் தாமதமானால் பக்கங்களை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

"முடிவு பண்ணியாச்சு" என்றார்.

"அப்ப நானும் வர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். அவள் பக்கத்து சீட்டில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மைதானம் திரும்பும் வளைவில் வழக்கம்போல எஞ்சின் இருமியது. அணையப்போகிறது என்று திருத்தம் பல்லைக் கடித்தார்.

"சோக்கைப் பாதி இழுங்க" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

கை தானாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குமிழை இழுத்தது. எஞ்சின் இருமலை விழுங்கிக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது. இந்த வாரம் முழுக்க அது இப்படி ஓடியதே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னமோ வாயில வந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பெட்ரோல் முள் பூஜ்யத்தில் கிடந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. உடைக்கப் போகும் வழியில் நடுரோட்டில் நின்றால் அது வேறு கேவலம்.

"அதோ ஒரு பங்க். நான் இங்க வந்ததே இல்லை. கொஞ்சமாப் போட்டுட்டுப் போயிடலாம்."

"வேணாங்க!" அவள் குரல் கீச்சிட்டது. "போதும். இருக்கு. உள்ள அரை டேங்க் இருக்கு."

"முள்ளே வேலை செய்யலை. அரை டேங்க்னு நீ எப்படிச் சொல்றே?"

அவள் பதில் சொல்வதற்குள் கார் பங்குக்குள் நுழைந்துவிட்டது. பம்ப் பக்கத்தில் நிறுத்தி, திருத்தம் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். சீருடை போட்ட பெண் ஒருத்தி தூரத்திலேயே அந்த நீலக் காரைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்க ஜன்னலுக்குப் போய், முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்தாள்.

"என்னக்கா, தினமும் விடியக்காலையில தனியாத்தானே ஓட்டிட்டு வருவீங்க? இருபதாம் தேதி லைசென்ஸ் டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு, இப்பப் போய் டிரைவர் வெச்சிருக்கீங்களே!"