இடுப்பு ஒன்று, கால் இரண்டு

இராஜபாளையம் டீக்கடை மாடியில் அந்த ஞாயிறு இருந்தவர்கள்: செல்போன் கடை காதர், மில் நண்பர்கள் மூவர், நான். இல்லாதவர் வன்னியம்பட்டி உரக்கடை முருகேசன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை பெஞ்சில் போட்டிக் கூட்டம் போட்டிருந்தார். இரண்டிலும் இருந்தவர் பேன்டேஜ் அண்ணாச்சி. ஒரே மாலையில் இரண்டு ஊரிலும் உறுப்பினராக உட்கார்ந்து, இரண்டு ஊரிலும் ஓசி டீ குடிக்கத் தெரிந்த மனிதர் பூமியில் அவர் ஒருவர்தான்.

பேன்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் மெக்கானிக். எங்கள் கிரிப்டோ சங்கத்தின் மூத்த தலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு, புரியாமலே எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் துளித்துளியாக வாங்கி வைத்திருந்த காயினின் விதியை மாற்றலாமா கூடாதா என்று உலகமெங்கும் சண்டை வந்து, அதன் கணக்குச் சங்கிலி இரண்டாகப் பிரியப் போகிறது என்று ஒருநாள் செய்தி வந்தது. எல்லோரும் முழித்தோம். அண்ணாச்சி பையிலிருந்து பேன்டேஜ் துணியை எடுத்துப் பாதி வரை கிழித்தார்.

“பேண்ட் மாதிரிதாம்லே. இடுப்பு ஒண்ணு, காலு ரெண்டு. இடுப்புல இருந்தவனுக்கு ரெண்டு காலும் சொந்தம்.”

பிரியும் முன் காயின் வைத்திருந்தவனுக்கு இரண்டு பக்கமும் காயின் உண்டு என்பது புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் வினையே. புது விதிதான் சரி என்றார் காதர். பழையதுதான் அசல் என்றார் முருகேசன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவருக்கும் அன்றோடு பேச்சு நின்றது. காயினைப் போலவே சங்கமும் பிரிந்தது. பழைய பெயரை மட்டும் இரண்டு பக்கமும் விடவில்லை.

“நான் இடுப்புல இருந்தவம்லா,” என்றார் அண்ணாச்சி. மாதம் ஒரு ஞாயிறு நான்கு மணிக்கு எங்களோடு டீ. பொறவு டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ.

சங்கிலி பிரிந்த புதிதில், ஒரு பக்கம் கொடுத்த உத்தரவு மறுபக்கமும் அப்படியே செல்லுபடியாகி, அசந்தவன் காயின் இரண்டிலும் போய்விடும். ரீப்ளே என்பார்கள். எங்கள் ரீப்ளே அண்ணாச்சிதான். முருகேசனுக்கு யூரியாவுக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்று காதர் சொன்னால், காதர் இருமிய இடத்தில் இருமி, அன்று மாலையே அங்கே ஒப்பித்துவிடுவார். அடுத்த மாதம் பதில் வரும், முருகேசனின் செருமலோடு.

எட்டாவது மாதம், தொடக்கத்தில் சொன்ன அந்த ஞாயிறு, காதர் எங்களிடம் சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கெழம மகளுக்குப் பேர் வைக்கோம். நம்ம சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் வந்துரணும்.”

அண்ணாச்சி வழக்கம்போல் பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிறு காதர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முருகேசன் இறங்கினார், பின்னால் அவர் பக்கத்துச் சங்கத்து ஆட்கள் ஆறு பேர், கையில் இரண்டு கிலோ பால்கோவா. முருகேசன் படியேறவில்லை.

“கூப்பிட்டியாம்லா.”

காதர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

“கூப்பிடாம? உள்ள வாலே,” என்றார் காதர்.

குழந்தையை முருகேசன் மடியில் வைத்தார்கள். பிரியாணி பற்றவில்லை, கடையில் புரோட்டா வாங்கிச் சமாளித்தோம்.

தெரிந்தேதான் சொன்னீர்களா என்று கை கழுவும் இடத்தில் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“நம்ம சங்கம்னு சொன்னான். எந்தச் சங்கம்னு சொல்லலியே, தம்பி.”

ஓசி டீக்கு அலைகிறார் என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தோம். பத்து ரூபாய் டீக்குப் போகவர இருபத்து நான்கு ரூபாய் பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? குறிப்பு எழுதுகிறவன் அல்லவா, அன்று கடைசி வரியாக இதை எழுதினேன்: எங்களை ஒட்டவைக்க அண்ணாச்சி கையைவிட்டுப் போனது, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.