நாடோடித் தம்பதியின் ஒரே படம்

மனித குல வரலாற்றில் சுதந்திரம் முழுமையடைந்த நாள், நானும் என் மனைவி நெவேனாவும் தலைநகர் சோஃபியாவில் எங்கள் வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள்தான். அதற்கு முன்பு விடுதலையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் வீடு வைத்திருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் மலைப்பாதைகளிலேயே வாழ்ந்தோம். கோடையில் பால்கன் மலைத்தொடர், குளிரில் தெற்கு மலைகள். ஆளுக்கொரு முதுகுப்பை. முகவரி கிடையாது. ‘ஒன்றுமில்லாத இருவர்’ என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினேன். பதினெட்டாயிரம் பேர் அலுவலக நாற்காலியில் சாய்ந்தபடி எங்களோடு மலையேறினார்கள்.

எங்கள் நிர்வாகம் முழுக்க ஜனநாயக முறையிலானது. தினமும் மாலையில் கூடாரத்தில் ஆலோசனைக் கூட்டம். உறுப்பினர்கள் இருவர். தலைவர் நான். எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின. யாருடைய மனது என்று குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் இல்லை.

நெவேனா இறந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. எங்கள் நாட்டு வழக்கப்படி நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று ஒவ்வொரு முறையும் இறந்தவரின் படம் போட்ட அறிவிப்புத் தாளை வாசல் கதவில் ஒட்ட வேண்டும். எங்களுக்குக் கதவு இல்லை என்பதால் அந்தப் பொறுப்பு மாமியார் ஸ்வெதானாவின் அடுக்குமாடிக் கதவுக்குப் போயிற்று. தன் ஊரான கப்ரோவோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்ள, நாப்பதாம் நாளுக்குப் போட்டது ஸ்கூல்ல எடுத்த படம். கீழ் வீட்டுக்காரி பாத்துட்டு, ‘ஐயோ, இவ்வளவு சின்னப் புள்ளயா’ன்னு அழுதா. இந்தத் தடவ மலையில எடுத்ததா ஒண்ணு குடுங்க. முகம் நல்லாத் தெரியணும்.”

“ஒண்ணென்ன அத்தை, ஆயிரக்கணக்குல இருக்கு.”

இருந்தன. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். சிகரத்தில் கைவிரித்து நிற்கும் நான். தொலைவை நோக்கிச் சிந்திக்கும் நான். ஆட்டு மந்தையோடு சமத்துவம் பேணும் நான். சமைக்கும் நான், சமைத்தது அவள், படத்துக்காகக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். நெவேனா இல்லாமல் இல்லை. பதினேழு படங்களில் அவள் நிழல் புல்லில் விழுந்திருந்தது. ஒன்றில் கட்டைவிரல்.

அத்தையிடம் நிலவரத்தைத் தெரிவித்தேன்.

“நிழலயா கதவுல ஒட்டச் சொல்றீங்க?”

“தேடுறேன் அத்தை.”

“மூணு வருஷம் என் பொண்ணு முகத்தப் பாக்கவே இல்லியா நீங்க?”

நியாயமற்ற கேள்வி. முன்னால் நடப்பவன் பாதையைப் பார்க்க வேண்டும்.

வெல்கோ மாமாவின் நினைவு வந்தது. மலை விடுதிக் காப்பாளர். தன் விடுதியிலிருந்து கிளம்பும் எவரையும் வாசற்படியில் உட்காரவைத்துப் படமெடுக்காமல் விடமாட்டார். சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். நெவேனா இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு அங்கே தங்கியிருந்தோம்.

நாலு மணி நேர ஏற்றம். எனக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. பனியின் மீது பழி போட்டேன்.

“வாடா, நாடோடி மன்னா,” என்றார் மாமா. “மொதல்ல சூப்பக் குடி. அப்புறம் பேசு.”

“நெவேனா படம் வேணும் மாமா.”

அவர் கிண்டலை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

“உன்னையும் கூப்பிட்டேன்டா. நாலு தடவ கூப்பிட்டேன். ‘நேரமாச்சு, நேரமாச்சு’ன்னே. சரி போடான்னு அவள மட்டும் எடுத்தேன்.”

படியில் நெவேனா உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். இடது காலில் காலணி இல்லை. கால்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தது. அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தது.

“கீழ பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டா,” என்றார் மாமா. “எட்டரைக்குன்னேன். ரோடு வரைக்கும் ஜீப்புல நானே விடறேன்மான்னேன். ‘இருங்க மாமா, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்’னு போனா.”

“அப்புறம்?”

“அத நீதானடா சொல்லணும்.”

சொல்கிறேன். அன்று பாதையோரத்தில் அவசரக் கூட்டம் நடந்தது.

“கால் கனமா இருக்கு, கலோயன். டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாமா?”

“எறங்கி ஏறினா ரெண்டு நாள் போச்சு. இறுக்கிக் கட்டிக்க. கடலுக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

“சரி.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கடலுக்கு மூன்று நாள் நடை இருக்கும்போது, காலில் உறைந்திருந்த ரத்தம் அவள் நுரையீரலுக்குப் போய் அடைத்தது. ‘தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனாள்’ என்று எங்கள் பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன்.

கப்ரோவோ அச்சுக்கடைப் பெண் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

“முகத்த மட்டும் வெட்டி எடுத்துக்கட்டுமா சார்?”

“வேண்டாம். முழுசாப் போடுங்க.”

“கால்லாம் தெரியுதே. ஓரத்துல வேற யாரோ ஒரு ஆளு நிக்கிறாரு. அவரையாவது தூக்கிடவா?”

“இருக்கட்டும்.”

“யாரு சார் அது?”

“கூட வந்தவரு.”

அத்தை பசையும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்தார். தாளை விரித்து வெகுநேரம் பார்த்தார். முதலில் முகம். பிறகு கால். பிறகு ஓரம்.

“இது நீங்கதானே?”

“ஆமா அத்தை.”

அவர் தாளைத் திருப்பி, அந்த ஓரத்துக்கும் சேர்த்துப் பசை தடவினார். ஒட்டிவிட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்தினார்.

இத்தகைய அறிவிப்புகளில் பெயர் இருக்கும், வயது இருக்கும், வருந்துவோர் பட்டியல் இருக்கும். எதனால் இறந்தார் என்று போடும் வழக்கம் எங்கள் நாட்டில் இல்லை. எங்களுடையதில் போட்டிருக்கிறது. வலது ஓரத்தில், முதுகுப்பையைக்கூட இறக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.