முனைவர் சோலைமலையின் கட்டைவிரல்

ஒருவர் கல்லூரிக்கு வந்திருக்கிறார் என்பதற்கு, அவர் கல்லூரிக்கு வந்திருப்பது போதிய ஆதாரமாகாது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி இதைக் கண்டுபிடித்துச் சுற்றறிக்கையும் விட்டு, வாசலில் விரல்ரேகை மிஷின் ஒன்றையும் மாட்டியது. மாட்டிய அன்று அதற்கு மாலை, சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. மிஷினும் நன்றி மறக்காமல், விரல் வைத்தவர்களுக்கெல்லாம் பெண் குரலில் "தேங்க்யூ" சொன்னது. ஒரே ஒரு விரலுக்கு மட்டும் சொல்லவில்லை.

அது நிலவியல் துறை இணைப் பேராசிரியர் முனைவர் சோலைமலையின் விரல்.

சோலைமலை பிறந்தது கீரனூர்ப் பக்கம். அவங்க அப்பா தோட்டத்தில் கிணறு வெட்டினபோது ஊரே தண்ணி வருதான்னு எட்டிப் பாத்துச்சாம். இவர் மட்டும் மேலே வந்த கல்லைப் பாத்துக்கிட்டு நின்னாராம். அந்தக் கிறுக்கு முனைவர் பட்டம்வரை கொண்டுபோய் விட்டது. சுத்தியலால் தட்டி, உடைந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால்தான் அவருக்குக் கல் பேசும். சந்தேகம் வந்தால் நாக்காலும் தொட்டுப் பார்ப்பார். "கல்லை நக்குன வாயோட காப்பி கேக்காதீங்க" என்று வீட்டுக்காரம்மா மகேஸ்வரி முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறார். இத்தனை வருஷம் தேய்த்ததில் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்தான் கூழாங்கல்லாக வழுவழுத்துப் போனது. ரேகை என்று சொல்ல ஒரு கோடு கிடையாது.

மிஷின் தினமும் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. அவரும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய நோட்டில் கையெழுத்துப் போட்டு வகுப்புக்குப் போய்விடுவார். சம்பளம் நோட்டுப்படி வந்ததால் இரண்டு வருஷம் யாருக்கும் குறையில்லை. பதவி உயர்வு மட்டும் மிஷின்படி என்பது, பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் அறிவித்தபோதுதான் தெரிந்தது. வருகிற மே மாதம் ஓய்வு. இதை விட்டால் 'இணை'யோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"சார், நீங்க ரெண்டு வருஷமா ஆப்சென்ட்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் ஜெஸ்ஸி.

"ஏம்மா, தினம் உங்க முன்னாடிதானே வாரேன்? நேத்துகூட உங்க பொறந்தநாள் கேக்கு தின்னேனே."

"தின்னீங்க சார், நான் பாத்தேன். மிஷின் பாக்கலையே." ஜெஸ்ஸி குரலைத் தாழ்த்தினார். "வராத ஆளு எப்பிடிக் கேக்கு தின்னாருன்னு ஆடிட்ல கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

மருத்துவச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். போனார்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"மடங்குதா?"

"நல்லா மடங்குதுங்க."

"நல்லா இருக்கிற விரலுக்குச் சர்ட்டிபிகேட் குடுத்தா என் வேலை போயிரும். அடுத்து யாருப்பா?"

மனு முதல்வரிடம் போனது. அவர் ஆழ்ந்து பரிசீலித்துப் பச்சை மையில் எழுதினார்: 'மேற்படி விரலானது கல்லினால் தேய்ந்ததாக மனுதாரர் தெரிவிப்பதால், தேய்மானம் குறித்து நிலவியல் துறையின் நிபுணர் கருத்தைப் பெற்று உரிய வழியில் சமர்ப்பிக்கவும்.'

நிலவியல் துறையில் இருந்த ஒரே நிபுணர் சோலைமலை. உத்தரவென்றால் உத்தரவுதானே? ஜன்னலோரம் உட்கார்ந்து, லென்ஸை வைத்துத் தன் விரலைத் தானே ஆய்வு செய்தார். 'வடக்குச் சரிவில் மேடு பள்ளம் ஏதும் தென்படவில்லை. தென்மேற்கில் பழைய சுத்தியல் காயம் ஒன்று உள்ளது. நீண்டகாலத் தேய்வு உறுதி செய்யப்படுகிறது' என்று எழுதி, வரைபடமும் இணைத்தார்.

மூன்றாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. 'ஆய்வு நடந்த தேதியில் ஆய்வாளர் பணிக்கு வரவில்லை என மிஷின் பதிவு காட்டுவதால், ஏற்பதற்கில்லை.'

கடைசியில் மிஷினைத் துடைத்துப் பார்க்க வந்த மெக்கானிக் முகேஷ்குமார்தான் வழி சொன்னார்.

"ரேகை திரும்ப வளரும் சார். மூணு மாசம் கல்லைத் தொடாதீங்க. வெண்ணெய் தடவுங்க."

"கல்லைத் தொடாம நான் என்னய்யா ஆகுறது?"

"பேராசிரியர் ஆகுங்க சார்."

நேர்காணலுக்கும் சரியாக மூன்று மாதம் இருந்தது. "அன்னைக்கு மட்டும் மிஷின் ஒத்துக்கிட்டாப் போதும். பழசையெல்லாம் தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிருவேன்" என்று ஜெஸ்ஸியும் தைரியம் சொன்னார். மகேஸ்வரி சுத்தியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். விரலுக்கு வெண்ணெய், வெண்ணெய்க்கு மேல் துணிக்கட்டு.

எண்பதாம் நாள் கன்னிவாடியிலிருந்து போன். தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்த கருப்பம்மாள்.

"சாரு, நீங்க சொல்லி வச்ச கல்லு வந்திருக்கு. கறுப்புல செகப்பு மணி மணியா. வெரசா வாங்க, நாளைக்கு ஜல்லி லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும்."

இந்தச் சமவெளிக்கு அடியில் அந்தக் கல் ஓடுகிறது என்று முனைவர் பட்ட ஆய்விலேயே எழுதியவர் சோலைமலை. அன்று நம்பியவர் இல்லை. அதன்பிறகு கண்ணால் கண்டவரும் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினார். குவியல் முன்னால் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சாரு, கருவறைக்கு முன்னாடி நிக்கிற மாதிரி எட்டியே நிக்கிறீக? தொட்டுப் பாருங்க."

"தொட்டா பதவி போயிரும்மா."

"தொடாட்டி?"

அவர் கட்டிய கையை அவிழ்க்காமலே குனிந்து, கல்லை உற்றுப் பார்த்தார்.

"ஒரு கல்லைப் பையில போட்டுத் தாரேன், கொண்டுபோங்க."

"வேணாம்மா. வீட்ல இருந்தா கை சும்மா இருக்காது."

"கல்யாணத்துக்கு வந்துட்டுப் பந்தியில உக்காராமப் போறீகளே, சாரு!"

போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார். படத்தை வைத்துக் கல்லை அடையாளம் சொல்பவன் மடையன் என்று மாணவர்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவரும் அவர்தான். மறுநாள் லாரி வந்தது.

நேர்காணல் அன்று மிஷின் "தேங்க்யூ" என்றது. வாசலில் கைதட்டல். தேர்வுக்குழு ஒரே கேள்விதான் கேட்டது: "காலையில விரல் வச்சீங்களா?" சோலைமலை பேராசிரியரானார்.

வாரம் திரும்புவதற்குள் அடுத்த சுற்றறிக்கை. 'நிலவியல் பேராசிரியர் கல்லைத் தவிர்த்து வருகையைச் சீர்செய்துகொண்டதை முன்மாதிரியாகக் கொண்டு, தாவரவியல் துறை மண்ணையும், வேதியியல் துறை அமிலத்தையும் இனித் தொடலாகாது.' ஆய்வுக்கூடங்கள் பூட்டப்பட்டன. வருகை நூற்றுக்கு நூறு. தரக்குழு வந்தது, விரல்களைப் பார்த்தது, உச்சத் தரம் கொடுத்துவிட்டுப் போனது.

ஜூனில், ஓய்வூதியக் காகிதம் வாங்க வந்தார் சோலைமலை. சேர்க்கைக்கு நின்ற வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டியிருந்தது. அதில் நம் பிள்ளைகளைச் சேர்க்க நாமும் நின்றோம்.

"சார், காலேஜ் எப்பிடி சார்?" என்று ஒருவர் அவரைக் கேட்டார்.

அவர் வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மா முந்திக்கொண்டார். "நல்ல காலேஜுங்க. புள்ளைகளை ஒண்ணையும் தொட விடமாட்டாங்களாம். வெயில்ல கூட்டிட்டுப் போறதும் இல்லையாம்."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டுச் சேக்கலாம்" என்றார் கேட்டவர்.

சோலைமலை என்னவோ சொல்லத்தான் பார்த்தார். ஆனால் அந்நேரம் பார்த்து வரிசை நகர்ந்துவிட்டது. இடத்தை விட்டுக்கொடுக்க நமக்கென்ன பைத்தியமா?